அளவு மாறக்கூடாத முதுகு

1. ஸ்டிக்கர்

ஒரு திங்கட்கிழமை காலை நான் டிஸ்பென்சரியைத் திறந்துகொண்டிருந்தபோது கோதண்டன் வந்து நின்றான். சட்டைப் பையின்மேல் காலிபிரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பச்சை நிறம். அடையாள எண், சோதித்த தேதி, அடுத்த சோதனைக்கான தேதி, கீழே கையெழுத்து. மைக்ரோமீட்டருக்கும் வெர்னியருக்கும் தராசுக்கும் அளவு சரியாக இருக்கிறதென்று ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர்தான்.

"என்ன கோதண்டா இது?"

"நான் மாஸ்டர் பீஸ் ஆயிட்டேன் சிஸ்டர். குவாலிட்டி சம்பத் சார்தான் ஒட்னாரு. தெனமும் இதே சட்டையில வான்னுட்டாரு."

இத்தனை வருடச் சர்வீஸில் கையில் ஆணி ஏறியவனைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவனைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு டியூ டேட் போட்டு அன்றுதான் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கு இரும்பு பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு வேப்பம்பட்டு. கம்பெனி பஸ்ஸில் திருவள்ளூர், பெரியபாளையம் வழியாகப் போய்த் திரும்புவதிலேயே பாதி ஆயுள் போயிற்று. தொழிற்சாலை நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று கேட்டால், ஊசி போட்ட கதையெல்லாம் சொல்ல மாட்டேன். கோதண்டன் முதுகின் கதையைத்தான் சொல்வேன். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

2. எல்லாருக்கும் ஆறு

முதலில் ஆறு என்ற நம்பரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதி புரியாது.

எங்கள் டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு படம் இருந்தது. பூஜ்யத்தில் ஒரு முகம் சிரிக்கும், பத்தில் ஒரு முகம் அழும். வலியோடு வருகிறவனிடம் "எத்தனை?" என்று கேட்க வேண்டும். ஐந்து வரை என்றால் தைலம் தேய்த்து அனுப்புவது. ஆறு என்றால் ஹாட் பேக், கொஞ்ச நேரம் நாற்காலி. ஏழும் அதற்கு மேலும் என்றால் கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. எழுதி வைத்த விதி இவ்வளவுதான். படித்தால் நல்ல விதி.

எழுதாத விதி ஒன்று இருந்தது. கான்ட்ராக்ட் ஆள் யாராவது அந்த வண்டியில் ஏறினால், மறுநாள் அவன் இடத்துக்குக் கான்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பிவிடுவார். இவன் குணமாகித் திரும்பி வந்து கேட்டில் கார்டைக் காட்டினால் கார்டு வேலை செய்யாது. அதனால் எங்கள் டிஸ்பென்சரியில் எவனும் ஏழு என்று சொன்னதில்லை. விரல் நசுங்கி ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவன், "ஆறுதான் சிஸ்டர்" என்றான். சிறுநீரகக் கல்லோடு தரையில் புரண்டுகொண்டிருந்தவன் ஐந்து விரலோடு இன்னொரு கையின் ஒரு விரலையும் சேர்த்துக் காட்டினான். அவனுக்குப் பேச வரவில்லை, ஆனாலும் ஏழாவது விரல் நீளவில்லை. அவர்களை எல்லாம் நானே சண்டை போட்டு வண்டியில் ஏற்றினேன். அவர்களில் ஒருவன்கூட வேலைக்குத் திரும்பி வரவில்லை.

இதை நான் ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னேன். "எழுத்துல குடுங்க சிஸ்டர்" என்றார்கள். எழுத்தில் கொடுத்தேன். கிணற்றில் போட்ட கல்தான்.

கோதண்டனும் கான்ட்ராக்ட் ஆள்தான், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஹேமர் ஷாப்பில் அடித்து ஆறிய பீஸ்களைத் தரையில் கிடக்கும் பெட்டியிலிருந்து குனிந்து தூக்கி டிராலியில் அடுக்குவது அவன் வேலை. தினமும் ஆறு என்று சொல்லி ஹாட் பேக் வாங்கிப் போவான். ஒருநாள் அவன் நடப்பதைப் பார்த்தேன். இடது பாதம் தரையில் இழுபட்டது. உட்கார வைத்து, பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். பெருவிரல் பாதிதான் எழுந்தது. முதுகில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். இப்படியே தூக்கிக்கொண்டிருந்தால் ஒருநாள் அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்காது.

"உண்மையைச் சொல்லு. எத்தனை?"

சுற்றிலும் பார்த்தான். "உங்களாண்ட சொல்றதுக்கு இன்னா சிஸ்டர், ஒம்போது. ஆனா ஆறுன்னே எழுதிக்குங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போ கோதண்டா."

"போனா கேட்டுக்கு வெளியதான். ஊருக்குப் போய் இன்னா பண்றது? பூப் பறிக்கப் போனாலும் குனியணும், நாத்து நடப் போனாலும் குனியணும். குனியாத வேலை எங்க கீது? யாராண்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர், ஒரே பேஜாராப் பூடும்."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கால் பிழைத்திருக்கும், வேலை போயிருக்கும். சொல்லாவிட்டால் தலைகீழ். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள்.

3. ஒரு முதுகும் நாலு பேரும்

சென்னையிலிருந்து வந்த குழு. பாரம் தூக்குகிறவர்களின் வலியை எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பது அவர்கள் திட்டம். தலைமை டாக்டர் நளினி, வலி மருத்துவம் படித்தவர். கூட ஒரு மனநல ஆராய்ச்சியாளர், ஒரு இன்ஜினியர், வலிக்கு மக்கள் என்னென்ன சொல் சொல்கிறார்கள் என்று சேகரிக்கும் ஒருவர். நாலு பேரும் ஒரே வேனில் வந்தார்கள். இறங்கிய பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டு நான் பார்க்கவில்லை.

முதல் நாளே கோதண்டன் அவர்களிடம் மாட்டினான். டாக்டர் முதுகை அழுத்திப் பார்த்து நரம்பு என்றார். இன்ஜினியர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, குனிய வைத்து, நிமிர வைத்து, பெட்டியின் உயரம்தான் காரணம் என்றார். மனநலக்காரர், "குனியும்போது மனசுக்குள்ள ஏதாவது பயம் வருதா?" என்று கேட்டார்.

"குனியலன்னாதான் சார் பயம். மேஸ்திரி பின்னாலயே நின்னுகினு இருப்பான்."

சொல் சேகரிக்கிறவர் பேனாவை எடுத்தார். "அந்த வலி எப்படி இருக்கு? குத்தலா, குடைச்சலா, கடுப்பா, எரிச்சலா?"

"எல்லாம் ஒரே ஆளுதான் சார். ஷிப்டு மாத்தி மாத்தி வருது."

அதை அவர் மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார்.

பிறகு கேன்டீனில் கூட்டம். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்குமேல் வலி இருக்க முடியாது என்று நளினி விளக்கினார்.

"பத்துன்னா செத்துடுவமா மேடம்?" என்று ஹேமர் ஷாப்பிலிருந்து ஒருவன் கேட்டான்.

"இல்லப்பா."

"அப்போ பதினொண்ணும் கீது."

புரொடக்ஷன் சூப்பர்வைசர் எழுந்து, "இன்னிக்கு வலியச் சொல்லணுமா, மாசாந்தர ஆவரேஜா?" என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து சம்பத் சார் கை தூக்கினார்.

4. எழுப்பிக் கேட்டாலும் ஆறு

சம்பத் சார் எங்கள் குவாலிட்டி மேனேஜர். திருவள்ளூர் டவுன். இவருடைய அண்ணன்மார் அங்கே கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார்கள். இவர் ஏசி ரூமில் இருக்கிறார் என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். ஏசி ரூமில்தான் மாஸ்டர் பீஸ்கள் இருந்தன. ஒவ்வொரு அளவுக்கும் மாறாத ஒரு பீஸை மெத்தை வைத்த பெட்டியில் வைத்திருப்பார்கள். தினமும் கருவியை அதில் வைத்துப் பார்த்து, சரியாகக் காட்டினால்தான் அந்தக் கருவியை ஷாப்புக்குள் கொண்டுபோகலாம். செருப்பை வெளியே விட வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. உள்ளே சத்தமாகப் பேசினால்கூட அவருக்குப் பிடிக்காது.

மனிதர் கெட்டவர் இல்லை. முந்தைய ஆடிட்டில் கேன்டீனில் காய்கறி நிறுக்கும் தராசில் ஸ்டிக்கர் இல்லையென்று, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த ஆடிட்டர் என்.சி. எழுதிவிட்டுப் போனார். என்.சி. என்றால் குறை. அதை மூடாவிட்டால் ஆர்டர் போய்விடும். கத்தரிக்காயால் வந்த அந்த அவமானத்திலிருந்து சம்பத் சார் மீளவே இல்லை. என் தெர்மாமீட்டர், பி.பி. மெஷின், செக்யூரிட்டி மேசையில் கிடந்த மரஸ்கேல் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். அடுத்த ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நம்பரை எதை வச்சு எடுக்கறீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"அவங்களைக் கேட்டுத்தான்."

"இந்த பிளான்ட்டுக்குள்ள எடுக்கற எந்த நம்பருக்கும் மாஸ்டர் இருக்கணும். வலிக்கு மாஸ்டர் எது?"

நளினி சிரித்தார். சம்பத் சார் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "வலி அவங்கவங்களுக்கு வேற சார். அதுக்கு மாஸ்டர் கிடையாது."

"அப்போ நான் பர்மிஷன்ல கையெழுத்து போட முடியாது."

பிளான்ட் ஹெட் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆடிட் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் எதற்கும் தலையாட்டுவார். ஆட்டினார். ஆராய்ச்சி நின்றுவிடும் என்ற பயத்தில் நளினியும், "சரி, யாரையாவது வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். மாறாத வலி உள்ள ஒரு ஆளைத் தேடும் படலம் இப்படித்தான் தொடங்கியது.

ஹேமர் ஷாப்பில் சிலரைக் காலையிலும் டீ டைமிலும் ஷிப்டு முடிவிலும் கேட்டுப் பார்த்தார்கள். டிஸ்பென்சரிக்கு வெளியே ஆறேதான் சொல்ல வேண்டும் என்று இல்லை, அதனால் ஆறைத் தாண்டாமல் நம்பர்கள் இஷ்டத்துக்கு ஓடின. மேஸ்திரி அந்தப் பக்கம் வந்தால் ரெண்டு, போனால் அஞ்சு. ஒருவன் மனைவியோடு போனில் பேசிய பிறகு ஒன்றிலிருந்து ஆறுக்குப் போனான். கோதண்டன் மட்டும் எப்போது கேட்டாலும் ஆறு. டீ டைமில் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தட்டி எழுப்பிக் கேட்டார்கள். கண்ணைத் திறக்காமலே ஆறு என்றான்.

"இவர்தான்" என்றார் சம்பத் சார். குரல் தழுதழுத்தது என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

5. மங்கி கேப்

கோதண்டனை ஏசி ரூமில் உட்கார வைத்தார்கள். நல்ல குஷன் நாற்காலி. வெளியே கும்மிடிப்பூண்டி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, இவன் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். பஸ்ஸில் எல்லாரும் இவனையே பார்த்தார்கள்.

தினமும் காலையில் ஆராய்ச்சிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். ஒவ்வொருவராக அவன்முன் நின்று "எத்தனை?" என்று கேட்பார்கள். அவன் ஆறு என்பான். சம்பத் சார் டிக் போடுவார். அதன் பிறகே அவர்கள் ஷாப்புக்குள் போகலாம். ஒருநாள் மனநலக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் கேட்டது கோதண்டன் காதில் விழவில்லை, பதில் வரவில்லை. சம்பத் சார் அவர் பையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக உட்கார வைத்தார். அளவு பிசகிய கருவிகளை வைக்கும் பெஞ்ச் அது. அன்று முழுவதும் பட்டம் வாங்கிய மனிதர் உடைந்த வெர்னியர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் ஹாட் பேக்கும் தைலமும் எடுத்துக்கொண்டு போனேன். சம்பத் சார் வாசலிலேயே மறித்தார்.

"மாஸ்டர்மேல எதுவும் தடவக்கூடாது சிஸ்டர். அளவு மாறிடும்."

"அளவு மாறத்தான் சார் தடவறது."

"அதைத்தான் நானும் சொல்றேன். மாறக்கூடாது."

"மாத்திரையாவது குடுக்கலாமா?"

"ஆடிட் முடியட்டும்."

கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவை உதைக்கலாமா என்று யோசித்தேன். ஓய்வு பெறும் வயதில் கால் உடைந்தால் எனக்கு யார் தைலம் தேய்ப்பது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் சம்பத் சார் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. நாள் முழுவதும் குனியாமல், தூக்காமல், சாய்ந்து உட்கார்ந்திருந்தால் முதுகு என்ன ஆகும்? ஒரு சாயங்காலம் பஸ்ஸில் கோதண்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இடது பெருவிரலை ஆட்டிக் காட்டினான். நன்றாக ஆடியது.

"சிஸ்டர், இப்போ ஆறு இல்ல. நாலு மாதிரி கீது. வாயத் தொறந்துடாதீங்க."

"ஒம்போதா இருந்தப்பவும் ஆறு, நாலா இருக்கறப்பவும் ஆறா? நல்ல மாஸ்டர் பீஸுடா நீ."

"இன்னா பண்றது சிஸ்டர். நாலுன்னா சேர் பூடும். மறுபடியும் பொட்டியாண்ட போய்க் குனியணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆடிட் முடிந்தால் நாற்காலி போய்விடும். அவன் ஹேமர் ஷாப்புக்குத் திரும்பினால் அந்த விரல் மறுபடி நிற்கும், இந்த முறை மீளாது. நளினி என்னிடம் ஒருமுறை தனியாக, "எப்படி சிஸ்டர், இவருக்கு மட்டும் நம்பர் அசையவே மாட்டேங்குது?" என்று கேட்டார். "அவன் அப்படித்தான் மேடம்" என்றேன். கோதண்டனுக்குக் கொடுத்த வாக்கு வாயை அடைத்தது.

6. செட் பண்ணுவது

ஆடிட்டுக்கு முந்தைய வாரம் சம்பத் சாரின் பேனா கீழே விழுந்தது. கோதண்டன் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். பழக்கதோஷம். சம்பத் சார் பேனாவை வாங்கவில்லை. அவனையே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "சிஸ்டர், மாஸ்டர் டிரிஃப்ட் ஆயிருக்கு. இவருக்கு ஆறு இல்ல."

"நல்லதுதானே சார்."

"ஆடிட்ல மாட்டினா? ஆடிட் வரைக்கும் ஹேமர் ஷாப்ல பீஸ் தூக்கட்டும். தானா ஆறுக்கு செட் ஆயிடும்."

என் அம்மா கூலிக்கு நாற்று நட்டவள். அவள் இடுப்பை யாரும் எத்தனை என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் நர்ஸ் படிக்கிற காலத்திலெல்லாம் நினைப்பேன். கேட்கிறவர்கள் இப்படியும் கேட்பார்கள் என்று அப்போது தெரியாது.

கோதண்டன் எழுந்துவிட்டான். "போறேன் சிஸ்டர், உடுங்க. கொஞ்ச நாளுதான. இல்லாட்டி வேற ஆள போட்டுடுவாரு."

"உக்காரு" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏசி ரூமில் அப்படிச் சத்தம் அதுவரை கேட்டிருக்காது. பிறகு சம்பத் சார் பக்கம் திரும்பினேன். இரக்கத்தைப் பேசினால் இவரிடம் எடுபடாது, இவர் பாஷையிலேயே பேசுவோம் என்று தோன்றியது.

"சார், மாஸ்டர் பீஸை என்னைக்காவது புரொடக்ஷன்ல போட்டிருக்கீங்களா?"

"எப்படிப் போடுவாங்க? தேஞ்சிடுமே."

"தேஞ்ச மாஸ்டரை என்ன பண்ணுவீங்க?"

"ஸ்கிராப்தான்."

"இவரை ஹேமர் ஷாப்ல போட்டீங்கன்னா, மாஸ்டரை புரொடக்ஷனுக்கு யூஸ் பண்ணினாங்கன்னு ஆடிட்டர்கிட்ட நானே சொல்வேன்."

சம்பத் சாருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். குணமானது நல்லதுதானே என்றபோது அசையாதவர், மாஸ்டர் தேயும் என்றதும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "உக்காருங்க கோதண்டன்" என்றார். முதல்முறையாக அவனிடமே 'ங்க' போட்டுப் பேசினார்.

7. ஸ்பேர்

ஆடிட்டர் கோயம்புத்தூர்க்காரர். நிதானமான மனிதர். ஏசி ரூமுக்குள் வந்து, ஸ்லிப் கேஜ் என்ற அளவுக்கட்டைகளின் பெட்டியைப் பார்த்தார், கிரானைட் மேசையைப் பார்த்தார், அடுத்தபடியாக மங்கி கேப் போட்ட கோதண்டனைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

சம்பத் சார் விவரமாகச் சொன்னார். நளினி தலையைக் குனிந்துகொண்டார். ஆடிட்டர் சிரிப்பார், விஷயம் இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் குனிந்து கோதண்டனின் ஸ்டிக்கரைப் படித்தார். டியூ டேட் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"நல்ல சிஸ்டமுங்க. ஸ்பேர் மாஸ்டர் எங்கீங்க? இவரு லீவு போட்டா என்ன பண்ணுவீங்க?"

ஸ்பேர் இல்லை. ஆடிட்டர் என்.சி. எழுதப் பேனாவைத் திறந்தார். "இதோ சார், உடனே" என்று சம்பத் சார் ஓடினார். ஆறு வலி உள்ள ஆள் ஒருவர் தேவை, ஏசி ரூமில் உட்காருகிற வேலை என்று மேஸ்திரி மூலம் ஹேமர் ஷாப்பில் அறிவித்தார்கள். டீ டைம் வேறு. ஏசி ரூம் வாசலிலிருந்து டிஸ்பென்சரியைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை வரிசை நின்றது. மொத்த ஷிப்டும் வந்துவிட்டது. மேஸ்திரியும் வரிசையில் நின்றான்.

ஆடிட்டர் முன்னால் நின்றவனைக் கேட்டார். ஆறு. அடுத்தவனைக் கேட்டார். ஆறு. வரிசையோடு நடந்துகொண்டே கேட்டார். ஆறு, ஆறு, ஆறு.

"இத்தன பேருக்கும் ஒரே ரீடிங்கா? பிரமாதமுங்க" என்றார். சம்பத் சார் முகத்தில் கத்தரிக்காய் அவமானம் துடைத்துக்கொண்டு போயிற்று.

நளினி மட்டும் சந்தோஷப்படவில்லை. வரிசையைப் பார்த்து, "யாருக்காவது அஞ்சு இருக்கா?" என்று கேட்டார். "ஏழு?"

எல்லாரும் கீழே பார்த்தார்கள். நளினி என்னைப் பார்த்தார். நான் கோதண்டனைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் வாக்கு போகிறது, திறக்காவிட்டால் இந்த வரிசை மொத்தமும் பெட்டிகளுக்குத் திரும்பப் போகிறது.

கோதண்டன் மங்கி கேப்பைக் கழற்றினான். எழுந்து வாசலுக்கு வந்தான்.

"ஏழு சொல்ல மாட்டாங்க மேடம். ஏழுன்னா வண்டி. வண்டியில ஏறுனா மறுநாளு கேட்ல கார்டு வேலை செய்யாது. அதுக்கோசரம் எல்லாருக்கும் ஆறு. எனக்கும் ஆறுன்னு சொன்னது பொய்தான். இங்க வரச்சொல்ல ஒம்போது. இந்த சேர்ல குந்திகினு இருந்ததால இப்போ நாலு."

அவனுக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்த நாற்காலி. அதை விட்டுவிட்டு அவன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். நாளைக்கு அவன் கார்டு என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வரிசையின் நடுவிலிருந்து ஒருவன், "எட்டு" என்றான். அவனுக்குப் பின்னால், "எனக்கும் எட்டு சார். தோள்பட்ட." "ஒம்போது." "எட்டரைன்னு சொல்லலாமா மேடம்?" கடைசியில் நின்ற ஒருவன் மிகவும் தயங்கி, "எனக்கு மெய்யாலுமே ஆறுதான். நான் இன்னா சொல்றது?" என்றான்.

மேஸ்திரி கழுத்தைத் தடவிக்கொண்டே ஏதோ ஒரு நம்பர் சொன்னான், எனக்குக் கேட்கவில்லை.

8. ஏன், ஏன், ஏன்

ஆடிட்டர் என்.சி. எழுதினார். மாஸ்டரின் உண்மையான அளவு தெரியாது, ஆகவே எடுத்த எல்லா அளவும் செல்லாது என்று எழுதினார். மனிதனை மாஸ்டராக வைத்தது தப்பு என்று அவர் எழுதவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என்.சி. என்பது எங்கள் கம்பெனியில் சாமி மாதிரி. அதை மூட வேண்டுமென்றால் மூல காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. ஏன் என்று கேட்டு, வந்த பதிலை மறுபடி ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். சம்பத் சார் போர்டில் எழுதினார். மாஸ்டர் ஏன் ஆறு என்றது? ஏழு என்றால் வண்டி. ஏழு என்றால் வண்டிதானே, ஏன் பயம்? கார்டு வேலை செய்யாது. ஏன் வேலை செய்யாது? கான்ட்ராக்டர் ஆளை மாற்றுகிறார். ஏன் மாற்றுகிறார்? அந்தக் கடைசி ஏனுக்கு முன்னால் சம்பத் சார் மார்க்கரோடு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "நாம கேக்கறதில்ல, அதனால" என்று எழுதினார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது.

நான் எழுத்தில் கொடுத்தபோது அசையாத ஹெச்.ஆர்., என்.சி. மூடும் தேதிக்குள் உத்தரவு போட்டது. வண்டியில் போகிற ஆளின் கார்டை யாரும் நிறுத்தக் கூடாது, திரும்பி வந்தால் கொஞ்ச நாள் லேசான வேலை தர வேண்டும். இன்ஜினியர் சொன்னபடி பீஸ் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டுத் தூக்கி வைத்தார்கள். கோதண்டன் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆபரேஷன் தேவைப்படவில்லை. திரும்பி வந்த அன்று கேட்டில் அவன் கார்டைக் காட்டும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். கார்டு வேலை செய்தது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டாக்டர் சொன்ன நரம்பும் நிஜம். இன்ஜினியர் சொன்ன உயரமும் நிஜம். மனநலக்காரர் சொன்ன பயமும் நிஜம். பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் என்பதற்காக அவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் அந்த வலியில் ஒரு பங்கு கேட்டில் இருந்த கார்டு மெஷினிடம் இருந்தது. அது எந்தத் துறையின் பாடத்திலும் இல்லை. ஒருவன் சொல்லும் நம்பர் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் நல்ல நோயாளி என்று மெச்சிக்கொள்ளாதீர்கள். அதைத் தாண்டினால் அவனுக்கு என்ன ஆகும் என்று விசாரியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம் கோதண்டன் டிஸ்பென்சரிக்கு வந்தான். முதல்நாள் ஊரில் யாருக்கோ வீடு மாற்றப் போய் பீரோ தூக்கியிருக்கிறான். அறிவு கெட்டவனே என்று திட்டினேன். வழக்கம்போல ஹாட் பேக்கை எடுக்கத் திரும்பினேன்.

"அது பத்தாது சிஸ்டர். வண்டி கூப்பிடுங்க" என்றான்.

"எத்தனை?"

இந்த முறை அவன் சுற்றிலும் பார்க்கவில்லை.

"ஏழு."

டிரைவருக்குப் போன் போட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "நாளான்னிக்கு வந்துடுவேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே வந்து அவன் பெயருக்கு நேராக எழுதினேன். அந்த டிஸ்பென்சரியில் நான் எழுதிய முதல் ஏழு அதுதான்.